பதினோரு சென்டிமீட்டர் இடிக்கிறது

ஆர்க்கிடெக்சர் படிப்பில் ஒரு செமஸ்டர் முழுக்க ஏதாவது ஓர் அலுவலகத்தில் பயிற்சி எடுக்க வேண்டும். என் வகுப்பில் பாதிப் பேர் அபார்ட்மெண்ட் வரையச் சென்னைக்குப் போனார்கள். நான் புதுச்சேரியில் பழைய கட்டடங்களைப் பட்டியலிடும் வேலைக்கு எழுதிப் போட்டேன். கடற்கரையில் நின்ற பழைய மேரி கட்டடம் (பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சி அலுவலகம்) 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்ததைச் சின்ன வயதில் டிவியில் பார்த்திருக்கிறேன். அதைத் திரும்பக் கட்டிவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

கம்ப்யூட்டரில் வரைந்த பளபளப்பான படங்களாக இருபது பக்கம் அனுப்பியிருந்தேன். அதில் ஒன்றையும் அவர்கள் கேட்கவில்லை. "கையால் அளவெடுத்து வரைந்த ஒரு வீடு இருக்கா?" என்றார்கள். இரண்டாம் ஆண்டில் தாத்தா வீட்டை வரைந்த ஒரு தாள் இருந்தது. அதுதான் வேலை வாங்கித் தந்தது. கல்லூரியின் அனுமதிக் கடிதத்துக்கு மட்டும் மூன்று வாரம் அலைந்தேன். போகிறவர்கள் அதில் தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பத்து நகல் எடுத்து வையுங்கள். தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் கேட்பார்கள்.

சுற்றுலா வருபவர்கள் படம் எடுப்பது ஊரைப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுக்காரர் பகுதியில் இருக்கும் மஞ்சள் சுவர்களைத்தான். எனக்குக் கொடுத்தது மேற்கே, தமிழர் பகுதி. கீழே தெருவை ஒட்டி ஓட்டுத் தாழ்வாரம், அதற்குள் திண்ணை, செதுக்கிய கதவு, முற்றம். மாடியில் மட்டும் பிரெஞ்சுக்காரர் வீடு போல வளைவு ஜன்னலும் கைப்பிடிச் சுவரும். ஒரே வீட்டில் இரண்டு ஊர். இந்த மாதிரி வீடுகள் வரிசையாக நிற்பதைப் பார்க்க வேண்டுமானால் வைசியாள் வீதிக்குப் போங்கள். அங்கே முகப்புகளைச் சீரமைத்ததற்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. எனக்கு ஒதுக்கிய வீதியில் விருதும் இல்லை, பெயின்ட்டும் இல்லை.

படிவத்தில் முதல் கேள்வியே "கட்டிய ஆண்டு (தோராயமாக)". எந்த வீட்டில் கேட்டாலும் முந்நூறு வருஷம் என்பார்கள். அப்புறம்தான் கூரை ஓட்டைத் திருப்பி, அடியில் எந்தத் தொழிற்சாலை முத்திரை என்று பார்க்கக் கற்றுக்கொண்டேன். மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷன்காரர்கள் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதே 1865-ல், அந்த ஓடு அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. உத்திரத்துக்குப் பதில் இரும்பு கர்டர் இருந்தால் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனால் கூரையைப் பிற்பாடு மாற்றியிருக்கலாம், ஆகவே ஓடு கூரைக்குத்தான் சாட்சி, சுவருக்கு இல்லை. பத்திரத்தைக் காட்டுவார்களா என்றால், முதல் நாளே யாரும் காட்ட மாட்டார்கள்.

நான் முழுதாக அளந்த வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் தனியாக இருந்தார். "முனிசிபாலிட்டியா? வரி எல்லாம் கட்டியாச்சு" என்று கதவைப் பாதி சாத்தினார். கல்லூரிக் கடிதத்தைக் காட்டியதும் படிக்காமலே, "சரி, திண்ணைய அளந்துக்கோ. உள்ள வேணாம்" என்றார். நாலு நாள் திண்ணையோடு முடிந்தது. ஐந்தாம் நாள் மழை பெய்ததால் உள்ளே கூப்பிட்டார்.

பட்டியலில் போட்டால் வீட்டை விற்க முடியாதாமே என்று கேட்டார். விற்கத் தடையில்லை, இடிக்கவும் முகப்பை மாற்றவும்தான் அனுமதி வேண்டும் என்றேன். மேலே காட்டினார். மரக்கட்டைகளின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரையில் இரண்டு கட்டை உளுத்து, சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டிருந்தது. ஒழுகுகிறதே என்று யாரோ சிமென்ட் பூசிவிட்டுப் போயிருந்தார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் அதற்கடியில் செங்கல் பொரிந்திருந்தது. "அனுமதி நீங்க குடுப்பீங்க. தேக்குக் கட்டைக்குக் காசு?" என்றார். அந்தக் கேள்விக்கு என் படிவத்தில் கட்டம் இல்லை. இன்றுவரை என்னிடமும் பதில் இல்லை.

வரைந்து முடித்தபோது கணக்கு இடித்தது. அறைகளின் அகலத்தையும் சுவர்களின் கனத்தையும் கூட்டினால் வெளி முகப்பைவிடப் பதினோரு சென்டிமீட்டர் குறைவு. துண்டு துண்டாக அளந்து கூட்டியிருப்பாய், ஒரே முனையிலிருந்து டேப்பை இழுத்துத் தொடர்ச்சியாக அளவு எடு, மூலைவிட்டமும் எடு என்று வழிகாட்டி திருப்பி அனுப்பினார். மறுபடி போனேன். அதே பதினொன்று. மூன்றாம் முறை போனபோது அந்த அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வீட்டின் அடுத்த பாதியில் இப்போது ஒரு தையல் கடை. அதையும் அளந்தாகிவிட்டது. நடுச்சுவரைத் தவிர மற்ற எல்லாச் சுவரிலும் கதவோ ஜன்னலோ இருந்தது, கனத்தை நேரடியாக அளக்க முடிந்தது. நடுச்சுவரும் அவ்வளவுதான் இருக்கும் என்று நானாகப் போட்டிருந்தேன்.

"அதுல கதவு இருந்துச்சும்மா" என்றார். "மாமனாரும் அவர் தம்பியும் பாகம் பிரிச்சப்போ அடைச்சாங்க. அடைச்ச தடம் கூடத் தெரியக் கூடாதுன்னு சுவர் முழுக்க இன்னொரு வரிசை செங்கல் வச்சுப் பூசிட்டாங்க."

அரைச்செங்கல் சுவர். நாலரை அங்குலம். அன்று சாயந்திரம் அலமாரியிலிருந்து பாகப்பிரிவினைப் பத்திரமும் வெளியே வந்தது, பிரெஞ்சில்.

உதவித்தொகை இரண்டு மாதம் தாமதமாக வந்தது. சான்றிதழில் என் பெயரைத் தப்பாக அடித்திருந்தார்கள், திருத்தி வாங்கினேன். அந்த வீட்டைப் பட்டியலில் இரண்டாம் தரத்தில் சேர்க்கப் பரிந்துரைத்தோம். கடைசி நாளன்று வரைபடத்தின் ஒரு நகலை அந்த அம்மாவிடம் கொடுத்தேன். தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, விரலால் தேடி, அடைத்த கதவைக் கண்டுபிடித்துவிட்டார். இப்போது இல்லாததைப் புள்ளிக்கோட்டில் போடுவது வழக்கம்.

"புள்ளி வச்சிருக்கியே, திரும்பத் திறக்கப் போறாங்களா?"

இல்லம்மா, முன்னே இருந்தது என்று அர்த்தம் என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இன்னொரு நகல் கிடைக்குமா என்று கேட்டார். மாமனாரின் தம்பி வீட்டுப் பேரன் சென்னையில் இருக்கிறானாம், அவனுக்கு அனுப்ப.