சாலையோரத்து ஒன்றரை மீட்டர்

பருவநிலை மாற்றம் என்று பேச்சு எடுத்தாலே கடல் மட்டம், சோலார், பசுமைக் கட்டடச் சான்றிதழ் என்று போய்விடுகிறார்கள். நகரத் திட்டமிடலில் இருக்கும் எனக்கு அது தினமும் வந்து நிற்கும் இடம் வேறு. சாலையின் குறுக்குவெட்டு வரைபடத்தில், வண்டிப்பாதைக்கும் மதில் சுவருக்கும் நடுவே கிடக்கும் ஒன்றரை மீட்டர்.

அந்தத் துண்டுக்குத்தான் அத்தனை அடிதடியும். மின்கேபிளுக்கு அதில் பங்கு வேண்டும், குடிநீர்க் குழாய்க்கு வேண்டும், வடிகாலுக்கு வேண்டும், போக்குவரத்துப் பிரிவுக்குப் பார்க்கிங் வேண்டும். எல்லோரும் எடுத்தது போக மிச்சம் மரத்துக்கு. வரைபடத்தில் பச்சை வட்டம் போடுவதற்கு என்ன, காசா பணமா? ஆனால் அந்த வட்டத்துக்குக் கீழே ரோலர் ஓட்டி இறுக்கிய மண், ஒரு பக்கம் கான்கிரீட் வடிகால், மறுபக்கம் கேபிள் பள்ளம். வேர் எங்கே போகும்? வருடக்கணக்கில் மரம் வளராமல் நிற்கும், அப்புறம் ஒரு பெருங்காற்றில் சாயும். உடனே ‘மரங்கள் ஆபத்து’ என்று கோப்பில் குறிப்பு ஏறிவிடும்.

வெப்பமண்டல நகரத்தில் நிழல் என்பது அலங்காரம் இல்லை. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது. உடம்பு சூட்டை வெளியேற்ற வழியில்லாமல் திணறும். அங்கே மனிதனைக் காப்பாற்றுவது நிழலும் காற்றோட்டமும்தான். பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் வடக்கு, தெற்குச் சுவர்களை நல்ல சன்ஷேடு காப்பாற்றிவிடும். கிழக்கிலும் மேற்கிலும் வெயில் தாழ்ந்து வருவதால் சன்ஷேடுக்கு அடியில் புகுந்துவிடும். ஆகவே தெரு எந்தத் திசையில் ஓடுகிறது, மனை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கோடு போடும் அன்றைக்கே வீட்டின் சூடு பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. பின்னால் வரும் கட்டடக் கலைஞர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் மேற்கு பார்த்த மனையோடு மல்லுக்கட்டத்தான் வேண்டும். கடைசியில் ஏசி வரும். அது உள்ளே எடுத்த சூட்டைத் தெருவில் கொட்டும், நடந்து போகிறவர் தலையில்.

மழையும் இதே துண்டுக்குத்தான் வந்து சேர்கிறது. காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். வருட மொத்த மழை மாறாவிட்டாலும், ஒரு மணி நேரத்தில் கொட்டுவது கூடுகிறது. வடிகாலை நாம் அளப்பதோ பழைய மழைப் பதிவுகளை வைத்து. சரி, அகலப்படுத்தலாம் என்றால் தண்ணீர் இன்னும் வேகமாக அடுத்த தாழ்வான பகுதிக்குப் போய்ச் சேரும். அவ்வளவுதான்.

கூட்டங்களில் தவறாமல் திரையில் வருவது சிங்கப்பூரின் பிஷான் பூங்கா. அங்கே 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை உடைத்து, வளைந்து ஓடும் 3 கிலோமீட்டர் ஆறாக மாற்றினார்கள், 2012இல் திறந்தார்கள். அழகான படங்கள். ஆனால் அந்த வேலையில் எனக்குப் பெரிதாகப் படுவது படத்தில் தெரியாது. கால்வாய் ஒரு துறையினுடையது, பக்கத்துப் பூங்கா இன்னொரு துறையினுடையது. இரண்டையும் ஒரே நிலமாகப் பார்த்ததால்தான் பெருவெள்ளத்தில் ஆறு பரவுவதற்குப் புல்வெளி கிடைத்தது. பாங்காக்கில் நிலவடிவமைப்பாளர் கோட்சகோன் வோரகோம் வடிவமைத்து 2017இல் திறந்த சுலலாங்கோன் பல்கலைக்கழக நூற்றாண்டுப் பூங்காவும் அப்படித்தான்: நிலத்தையே சரிவாக்கி, மழைநீரைக் கீழே உள்ள குளத்துக்கு இறக்கியிருக்கிறார்.

ஒன்றரை மீட்டரிலும் இதைச் செய்யலாம். கேபிளையும் குழாயையும் பார்க்கிங் தளத்துக்கு அடியில் தள்ளிவிட்டு, ஓரத்தை நீளவாக்கில் ஒரே மண் பள்ளமாக விட வேண்டும். சாலையோரக் கல்லில் இடைவெளி வைத்தால் மழைநீர் நேராக மரத்தடிக்கு வரும். மீறினால் மட்டும் வடிகாலுக்குப் போகும். தனித்தனிக் குழிகளை விட வேருக்கு மண் பல மடங்கு அதிகம். மழைநீரும் அங்கேயே கொஞ்சம் தங்கி இறங்கும்.

சமீபத்தில் இதைக் காட்டியபோது செலவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. வடிகால் பிரிவுப் பொறியாளர் கேட்டது ஒன்றுதான்: “இலை விழுந்து அடைத்தால் யார் சார் அள்ளுவது?” நியாயமான கேள்வி. மரம் பூங்காப் பிரிவின் கணக்கு, பள்ளம் சாலைப் பிரிவின் கணக்கு, வழிந்தோடும் தண்ணீர் அவருடைய கணக்கு. பராமரிப்புக்குப் பொதுவாக ஒரு கணக்குத் தலைப்பு கேட்டு எழுதியிருக்கிறோம். அது வரும் வரை வரைபடம் ‘கொள்கை அளவில் ஒப்புதல்’ என்ற முத்திரையோடு கிடக்கிறது.