கோடை மழையும் கூட்டிலிருந்து விழும் குஞ்சும்

ஏற்காட்டில் கோடை மழை ஆரம்பிச்சாச்சு. காப்பிச் செடியிலிருந்து சின்னான் (புல்புல் குருவி) குஞ்சு கீழே விழும் நேரம். எடுக்கும் முன்னாடி உடம்பைப் பாருங்க. இறகு முளைச்சு, தத்தித் தத்திப் போகுதா? அது பறக்கப் பழகுது; பூனையை மட்டும் விரட்டிட்டு விட்டுடுங்க. இறகே இல்லாம சிவப்புத் தோலா இருந்தா கூட்டில் திரும்ப வைங்க. மனுஷக் கை பட்டா தாய் ஒதுக்கிடும்ங்கிறது சும்மா பேச்சு. கூடு கலைஞ்சிருந்தா, அடியில் ஓட்டை போட்ட கொட்டாங்குச்சியில் காய்ஞ்ச புல் வச்சு அதே செடியில் கட்டுங்க.

ரத்தம் வந்தாலோ, றெக்கை தொங்கினாலோ அட்டைப்பெட்டி. காத்துக்கு ஓட்டை, அடியில் பழைய பருத்தி வேட்டித் துணி. பஞ்சு வேண்டாம், நார் விரலில் சுத்திக்கும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுத்தி ஒரு ஓரமா மட்டும் வைங்க. சூடு அதிகமானா குஞ்சு நகர்ந்துக்க இடம் வேணும். மூடி, இருட்டா, சத்தமில்லாம விடுங்க.

வாயில் தண்ணி ஊத்தாதீங்க. மூச்சுக்குழல் வாய் நாக்குக்குப் பின்னாடியே திறந்திருக்கு, நுரையீரலுக்குப் போயிடும். பல நேரம் கொல்றது இந்தக் கருணைதான். பாலும் ஆகாது.

பூனை கவ்வியிருந்தா காயம் ஊசிமுனை அளவுதான் தெரியும்; எச்சில் கிருமி ரத்தத்தில் ஏறிடும். அன்னிக்கே கால்நடை மருத்துவர்கிட்ட காட்டுங்க, ஆன்டிபயாடிக் தேவைப்படும். வனச்சரக அலுவலகத்துக்கும் சொல்லிடுங்க. 1972 வன உயிரினச் சட்டப்படி வீட்டில் வளர்க்க முடியாது.