எல்லாரும் தேடும்போது எழுந்து போனவர்

நம் வீடுகளில் ஒருவர் சும்மா தனியாக உட்கார்ந்துவிட முடியாது. "என்னா ஆச்சு? யாரு என்ன சொன்னா?" என்று அம்மா கேட்பார், அப்பா எட்டிப் பார்ப்பார், அண்ணி ஒரு குவளை மைலோ கலக்கிக் கொண்டுவந்து வைப்பார். தனியாக இருக்கிறான் என்றால் ஒன்று கோபம், இல்லாவிட்டால் காய்ச்சல். கோயிலிலும் இதே கதைதான்: பாடற்குழு, செபக்கூட்டம், மறைக்கல்வி, எல்லாமே கூட்டத்தோடு. அதில் தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் நோன்பு மாதிரி தனிமையையும் பழக வேண்டும் என்று சொன்னால் மட்டும் "அதெல்லாம் துறவிகளுக்குப்பா" என்கிறார்கள்.

மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். கப்பர்நாகூமில் முந்தின நாள் மாலை ஊரே வாசலில் கூடி நிற்கிறது, இயேசு பலரைக் குணமாக்குகிறார். மறுநாள் விடியும் முன்னே எழுந்து தனியான ஓரிடத்துக்குப் போய்ச் செபிக்கிறார். சீமோனும் கூட இருந்தவர்களும் தேடிக் கண்டுபிடித்து, எல்லாரும் உங்களைத் தேடுகிறார்கள் என்கிறார்கள். நாமாக இருந்தால் "இதோ வந்துட்டேன்" என்று ஓடியிருப்போம். அவரோ, அடுத்த ஊர்களுக்குப் போவோம் வாருங்கள் என்கிறார். நம்மைக் கூப்பிடுகிற எல்லாருமே நியாயமாகத்தான் கூப்பிடுகிறார்கள். அதில் எது கடவுள் நமக்கு வைத்த வேலை என்று தெரிய, அவர்களைவிட்டுக் கொஞ்ச நேரம் தள்ளி இருந்தே ஆக வேண்டும்.

இந்தத் தனிமையை ஓய்வு என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். நான் போவது மலேசியாவில், பினாங்கு மாநிலத்து புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருத்தலத்துக்கு, அங்கே 1888-இல் கட்டிய பழைய கோயில் பக்கம், வார நாளில், கைப்பேசியை மோட்டார் சீட்டுக்கு அடியில் பூட்டிவிட்டு. முதலில் சொர்க்கமாக இருக்கும். அப்புறம் கை தானாகச் சட்டைப்பையைத் தடவும். பாடற்குழுப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) யார் என்ன எழுதினார்களோ, என்னைக் கேட்காமல் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டை மாற்றிவிட்டார்களோ, மாற்றிய பாட்டு நன்றாக வேறு அமைந்துவிடுமோ! பக்தியான எண்ணம் ஒன்றுகூட வராது. நான் இல்லாவிட்டால் நடக்காது என்று நம்பிக்கொண்டிருக்கிற வேலைகள்தான் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். அவற்றை விரட்டுவதில்லை. பெயர் சொல்லி, "இது உம்முடையது ஆண்டவரே" என்று ஒப்படைப்பேன், அவ்வளவுதான் என் செபம்.

வனத்து அந்தோணியார் என்ற பழங்காலத் துறவி எகிப்தில் பாழடைந்த கோட்டை ஒன்றில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் தனியாக இருந்தவர். கடைசியில் ஆட்கள் கதவைப் பெயர்த்தெடுத்தபோது வெளியே வந்தாராம். உடல் பருக்கவும் இல்லை, மெலியவும் இல்லை. அத்தனை கூட்டத்தைப் பார்த்துக் கலங்கவும் இல்லை, இத்தனை பேர் வணக்கம் சொல்கிறார்களே என்று பூரிக்கவும் இல்லை என்று அவருடைய வாழ்க்கையை எழுதிய புனித அத்தனாசியுஸ் எழுதுகிறார். உடம்பைப் பற்றிச் சொன்னதைவிட இந்தக் கடைசி விஷயம்தான் எனக்குப் பெரிய அதிசயமாகத் தெரிகிறது.

சரி, கைக்குழந்தையோடு இருக்கும் தாய்மார் இதைப் படித்தால் சிரிப்பார்கள், சிரிக்கவும் வேண்டும். அதனால் அண்ணன்மாரே, நீங்கள் கிளம்புவதற்கு முன்னால் ஒரு காலைப்பொழுது பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு அவர்களை அனுப்பிவையுங்கள். ஜூலைத் திருவிழா சமயத்தில் மட்டும் வேண்டாம், அங்கே மோட்டார் நிறுத்தக்கூட இடம் கிடைக்காது.