இரண்டு வாய்தாவுக்குப் பிறகு ஒரு சத்தியப் பிரமாணம்

அப்பா, அம்மா இருவருக்கும் காது கேட்காது. ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, பேங்க் எல்லா இடத்திலும் பத்து வயதிலிருந்தே அவர்களுக்கு நான்தான் வாய். ஆனால் கோர்ட்டில் சைகை மொழிபெயர்ப்பாளராக நிற்க அந்த அனுபவத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் ஆகாது, பேப்பர் வேண்டும். பிளஸ் டூ மார்க் ஷீட்டைத் தேடி எடுத்து, இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த இரண்டு வருட சைகை மொழிபெயர்ப்பு டிப்ளமோ முடித்து, கவுன்சில் பதிவு எண்ணும் வாங்கிவிட்டேன். அதுவரை சிக்கலில்லை.

போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம்) வழக்குகளுக்கான மொழிபெயர்ப்பாளர் பட்டியலை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுதான் வைத்திருக்க வேண்டும். எந்த மாவட்டம் என்று சொல்லப் போவதில்லை, அங்கிருந்த எழுத்தர் முதலில் கேட்டது, "எம்.ஏ. இங்கிலீஷ் இருக்காம்மா?" சைகை மொழி சார் என்றேன். "அப்போ ஸ்பெஷல் பி.எட். கொண்டு வாங்க." மூன்றாவது முறை போனபோது 2020 போக்சோ விதிகளில் 5-ஆவது விதியைப் பிரின்ட் எடுத்து, சிவப்பு மையில் கோடு போட்டுக் கொண்டுபோனேன். சைகை மொழிபெயர்ப்பாளருக்குச் சைகை மொழியில் தகுதி இருந்தால் போதும். அது அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்திலோ கவுன்சில் அங்கீகரித்த நிறுவனத்திலோ வாங்கியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தவர், "இதை முதல்லயே காட்டியிருக்கலாமே" என்றார். இந்த வேலைக்கு வருகிறீர்களென்றால் நீங்களும் அந்தப் பக்கத்தைப் பையிலேயே வைத்திருங்கள்.

பட்டியலில் பேர் ஏறிய பிறகு வந்த முதல் அழைப்பு போக்சோ இல்லை, ஓர் அடிதடி வழக்கு. நேரில் பார்த்த சாட்சிக்குக் காதும் கேட்காது, பேச்சும் வராது. முதல் நாள் சாட்சி வந்தார், நான் வந்தேன், வீடியோ எடுப்பவர் வரவில்லை. இப்படிப்பட்ட சாட்சியின் வாக்குமூலத்தை வீடியோவில் பதிய வேண்டும் என்கிறது பாரதிய சாட்சிய அதினியம், பிரிவு 125 (பழைய இந்திய சாட்சியச் சட்டத்தில் 119). வாய்தா. இரண்டாம் தடவை கேமரா வந்தது, ஆனால் சாட்சியின் முகத்தை மட்டும் பார்த்தபடி! நான் கையால் கேட்கும் கேள்வி பதிவாகாவிட்டால், தப்பாகக் கேட்டேனா என்று நாளைக்கு யார் சரிபார்ப்பது? இரண்டு பேர் கையும் தெரிய வேண்டும் என்றேன். நீதிபதி ஒத்துக்கொண்டார், அதற்குள் பொழுது போய்விட்டது. மறுபடியும் வாய்தா.

மூன்றாம் நாள்தான் சத்தியப் பிரமாணம். சாட்சிக்கு மட்டுமல்ல, 1969 பிரமாணச் சட்டப்படி மொழிபெயர்ப்பாளரும் எடுக்க வேண்டும்.

"எதால அடிச்சார்னு கேளுங்க" என்றார் அரசு வக்கீல். வாயால் கேட்டால் சாதாரணக் கேள்வி. ஆனால் அடிப்பதைக் கையில் காட்டும்போது முஷ்டியா, விரித்த உள்ளங்கையா, எதையோ பிடித்த மாதிரியா, ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கும். நான் எதைக் காட்டினாலும் பதிலைச் சொல்லிக்கொடுத்தது போல ஆகிவிடும். இதை நீதிபதியிடம் சொல்லி, "என்ன நடந்தது?" என்று கேட்க அனுமதி வாங்கினேன். சாட்சி விரல்களை மடக்கி, வலது தோளிலிருந்து இரண்டு முறை கீழே வீசிக் காட்டினார். "கையில் ஏதோ நீளமான பொருளைப் பிடித்து இரண்டு முறை அடித்தார்" என்றேன். டைப்பிஸ்ட் திரையில் "உருட்டுக்கட்டையால்" என்று ஓடியது. அய்யா, அவர் அப்படிச் சொல்லவில்லை என்று எழுந்தேன். என்ன பொருள் என்று திரும்பக் கேட்கச் சொன்னார் நீதிபதி. சாட்சி சுற்றிப் பார்த்துவிட்டு ஜன்னல் கம்பியைக் காட்டினார்.

இன்னொன்று. நாம் கேள்வி கேட்கக் கேட்க காது கேளாத சாட்சிகள் தலையாட்டுவது 'புரிகிறது' என்பதற்காகவும் இருக்கும். அதைக் கோர்ட்டில் 'ஆமாம்' என்று எழுதிவிடுவார்கள். ஆரம்பத்திலேயே நீதிபதியிடம் சொல்லிவையுங்கள்.

அப்புறம் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வருகைச் சான்று கையோடு வாங்கிவிடுங்கள். நான் கடைசி நாளுக்கு மட்டும்தான் வாங்கினேன். மற்ற இரண்டு நாள் பஸ் காசு என் கணக்கில் போய்விட்டது.