நியூஜெர்சி ஆளுநர் தேர்தல் 2025: கையொப்பம் பொருந்தாததால் என் அஞ்சல் வாக்கு பட்ட பாடு

2025 நவம்பர் 4 அன்று நடந்த நியூஜெர்சி ஆளுநர் தேர்தலில் நான் அளித்த அஞ்சல் வாக்கு, கையொப்பம் பொருந்தவில்லை என்று முதலில் ஒதுக்கி வைக்கப்பட்டு, நிறைய அலைச்சலுக்குப் பிறகே ஏற்கப்பட்டது. அமெரிக்கக் குடியுரிமை பெற்றபின் நான் வாக்களித்த முதல் ஆளுநர் தேர்தல் அது என்பதால், அந்த இடைப்பட்ட நாட்களில் எனக்கு இருந்த பதற்றம் கொஞ்சமல்ல. தமிழில் கையொப்பம் இடுகிறவர்கள் நம்மில் ஏராளம். அவர்களில் யாருக்கு வேண்டுமானாலும் இது நடக்கலாம் என்பதால், நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

இந்தத் தேர்தலை நான் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பில் மர்ஃபி தொடர்ந்து இரண்டு முறை ஆளுநராக இருந்துவிட்டதால், மாநில அரசமைப்பின்படி அவர் தொடர்ந்து மூன்றாவது முறை நிற்க முடியாது. பதவியில் இருப்பவர் போட்டியிடாத தேர்தல் என்பதால் இரு கட்சிகளும் முழு மூச்சாக இறங்கின. ஜனநாயகக் கட்சியில் மிக்கி ஷெரிலும், 2021இல் மர்ஃபியிடம் குறைந்த வித்தியாசத்தில் தோற்ற ஜாக் சியாட்டரெல்லி குடியரசுக் கட்சியிலும் நின்றார்கள். இந்தியாவில் ஆளுநரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பதையே பார்த்து வளர்ந்த எனக்கு, மாநில அரசின் தலைமை நிர்வாகியையே மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதும், நியூஜெர்சியில் மாநில அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலைக்கூட அந்த ஆளுநரே முன்மொழிவதும் கவனத்தில் பதிந்த விஷயங்கள். அதோடு 2025 ஜூன் மாதத்தில் மின்கட்டணம் ஒரேயடியாக ஏறியதை ஒவ்வொரு வீடும் உணர்ந்திருந்தது. கட்டணத்தை உறைய வைப்பேன் என்று ஷெரிலும், மின்நிலையங்கள் வெளியிடும் கரியமில வாயுவைக் கட்டுப்படுத்த வடகிழக்கு மாநிலங்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்திலிருந்து விலகிக் கட்டணத்தைக் குறைப்பேன் என்று சியாட்டரெல்லியும் சொன்னதைப் பற்றி எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பேசாத நாளில்லை.

வாக்காளர் பதிவு எளிதாக முடிந்தது. கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஜூன் 10 முதனிலைத் தேர்தலிலும் சிக்கல் இல்லை. கட்சி சாராதவராகப் பதிவானவர்கள் வாக்குச்சாவடியிலேயே ஒரு கட்சியைத் தேர்ந்து வாக்களிக்கலாம். ஆனால் ஏற்கெனவே ஒரு கட்சியில் பதிவானவர் வேறு கட்சிக்கு மாற வேண்டுமென்றால் தேர்தலுக்கு 55 நாட்களுக்கு முன்பே மாறியிருக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பொதுத் தேர்தலுக்கு அஞ்சல் வாக்கு கேட்டு விண்ணப்பித்தோம். கணவருக்கு வேலை நேரம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் அதுவே வசதியாகப் பட்டது. வாக்குச்சீட்டை உள்ளுறையில் வைத்து ஒட்ட வேண்டும். அந்த உள்ளுறையோடு சேர்ந்தே சான்றிதழ்ப் பகுதி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதில் பெயர், முகவரி எழுதிக் கையொப்பமிட்டு, அதைக் கிழிக்காமல் அப்படியே வெளியுறைக்குள் செலுத்த வேண்டும். துளையிட்டது போன்ற கோடு இருப்பதால் கை தானாகக் கிழிக்கப் போகும். கிழித்தால் வாக்கு நிராகரிக்கப்படலாம் என்பதால் நான் விரலால் அந்த மடிப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டே கையொப்பமிட்டேன். இன்னொரு கவனம்: கணவரின் உறையை மனைவி கொண்டுபோய்ப் போட்டாலும், உறையின்மேல் கொண்டுசெல்பவருக்கான பகுதியை நிரப்பிக் கையொப்பமிட்டாக வேண்டும். நாங்கள் அந்தச் சிக்கலே வேண்டாம் என்று இருவரும் சேர்ந்து போய், அவரவர் உறையை அவரவர் கையால், அஞ்சல் வாக்குகளுக்கென்று பொது இடத்தில் வைத்திருக்கும் வாக்குப் பெட்டியில் போட்டோம்.

கணவரின் வாக்கு ஏற்கப்பட்டதாக மாநிலத்தின் வாக்குச்சீட்டுக் கண்காணிப்புப் பக்கத்தில் தெரிந்தது. என்னுடையது வந்து சேர்ந்ததாகக் காட்டியதோடு நின்றது. பிறகு கவுன்டியிலிருந்து (நம் ஊர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) கடிதம் வந்தது. உறையில் உள்ள கையொப்பம், பதிவேட்டில் உள்ள கையொப்பத்தோடு ஒத்துப்போகவில்லை என்றும், இணைத்துள்ள படிவத்தை நிரப்பி அனுப்பினால் வாக்கு பரிசீலிக்கப்படும் என்றும் அதில் இருந்தது.

பதிவேட்டில் என்ன கையொப்பம் இருக்கிறது என்று யோசித்தபோதுதான் காரணம் பிடிபட்டது. குடியுரிமை கிடைத்ததும் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கப் போன இடத்தில்தான் வாக்காளராகவும் பதிவானேன். அங்கே கையொப்பம் வாங்குவது காகிதத்தில் அல்ல. சிறிய கண்ணாடிப் பலகையில், கம்பி கட்டிய பேனாவால். பள்ளி நாள் முதல் நான் இடுகிற கையொப்பம் தமிழில், அப்பாவின் பெயரின் முதலெழுத்தோடு தொடங்குவது. என் பழைய கடவுச்சீட்டு முதல் வங்கிக் கணக்கு வரை எல்லாவற்றிலும் அதுதான். அதையே அங்கேயும் இட்டேன். கவுன்டரில் இருந்த ஊழியர் திரையைப் பார்த்துவிட்டு, அதை அழித்து, உரிமத்தில் அச்சாகும் பெயரை அப்படியே ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார். என் கையொப்பம் தமிழில்தான் என்று விளக்கினேன். பின்னால் வரிசை நிற்கிறது, அச்சுப் பெயர் மாதிரி இருக்க வேண்டும் என்று அதையே திரும்பச் சொன்னார். அந்தப் பலகையில் பேனா நகர்வதற்கும் கோடு விழுவதற்கும் இடையே ஒரு தாமதம் இருந்தது. என் பெயரும் அப்பா பெயரும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கோணல்மாணலாக விழுந்தன. அந்தக் கோணல்தான் என் வாக்காளர் பதிவேட்டுக்குப் போய், நான் யார் என்பதற்குச் சான்றாக உட்கார்ந்திருக்கிறது. வாக்குச்சீட்டு உறையிலோ, கையொப்பம் எந்த எழுத்தில் இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை; அதனால் அங்கே என் வழக்கமான தமிழ்க் கையொப்பத்தையே இட்டிருந்தேன். ஒரு ஊழியர் தன் வசதிக்காகச் சொன்ன ஒரு வார்த்தையால் ஒருவரின் வாக்கு ஒதுக்கப்படும் நிலை வருவது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

கடிதம் வந்த மறுநாளே படிவத்தை எடுத்துக்கொண்டு கவுன்டி கட்டடத்துக்குப் போனேன். அங்கேதான் பெரிய அலைச்சல். நியூஜெர்சியில் உள்ள 21 கவுன்டிகளிலும் தேர்தல் வேலை ஒரே அலுவலகத்தில் நடப்பதில்லை. அஞ்சல் வாக்கு விண்ணப்பத்தை வாங்குவதும் வாக்குச்சீட்டை அச்சிட்டு அனுப்புவதும் கவுன்டி கிளார்க் அலுவலகம். திரும்பி வரும் உறைகளைப் பெற்று, கையொப்பத்தைச் சரிபார்த்து, எண்ணுவது தேர்தல் வாரியம். சில கவுன்டிகளில் இவை போதாதென்று தேர்தல் கண்காணிப்பாளர் என்று இன்னொரு அலுவலகமும் இருக்கிறது. வாக்காளர் பதிவு அவர்கள் பொறுப்பு. வாக்குச்சீட்டு வந்த உறையில் கிளார்க் அலுவலக முகவரிதான் பெரிதாக இருந்ததால், நானும் முதலில் போனது அங்கேதான். கவுன்டரில் இருந்தவர் என் படிவத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது இங்கே இல்லை என்று திருப்பிக் கொடுத்தார். எங்கே என்று கேட்டதற்கு, கடிதத்திலேயே இருக்கிறது, படித்துப் பாருங்கள் என்றார். கடிதத்தில் இருந்தது அஞ்சல்பெட்டி எண். நேரில் கொடுக்கக் கட்டடம் எது, தளம் எது என்று இரண்டாவது முறை கேட்டபோது, அடுத்தவரை அழைத்துவிட்டார். வாரியத்தின் அலுவலகம் அதே ஊரில், வேறொரு தெருவில் இருந்ததை, வாசலில் இருந்த காவலர்தான் சொன்னார். நான் போய்ச் சேர்ந்தபோது அன்றைய வேலை நேரம் முடிந்து கதவு பூட்டியிருந்தது.

அந்த மாலை, முன்கூட்டி வாக்களிக்கும் மையத்துக்குப் போய் நேரடியாக இயந்திரத்தில் வாக்களித்துவிடலாமே என்று தெரிந்தவர் ஒருவர் யோசனை சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், ஆனால் அது நடக்காது. அஞ்சல் வாக்குச்சீட்டு அனுப்பப்பட்டவரின் பெயர் வாக்குச்சாவடி மின்பதிவேட்டில் அப்படியே குறிக்கப்பட்டிருக்கும். இயந்திரத்தில் வாக்களிக்க விடமாட்டார்கள். தற்காலிக வாக்குச்சீட்டு என்ற காகிதம்தான் தருவார்கள். அவரது அஞ்சல் வாக்கு எண்ணப்படவில்லை என்று உறுதியான பிறகே அது பரிசீலனைக்கு வரும். ஏற்கெனவே பெட்டியில் போட்ட என் வாக்கைச் சரிசெய்வதே நேர் வழி என்று முடிவெடுத்தேன்.

அடுத்த முறை வாரிய அலுவலகத்துக்கு, திறக்கும் நேரத்திலேயே போனேன். படிவத்தில் என்னுடைய வாக்குதான் என்று உறுதிமொழிந்து கையொப்பமிட்டு, அடையாள விவரத்தோடு சேர்த்துக் கொடுத்தேன். உரிமத்தின் நகலையும் கையோடு எடுத்துப் போயிருந்தேன். அங்கிருந்த பெண் ஊழியர், படிவத்தில் எந்தக் கையொப்பம் இடுவது என்ற என் கேள்விக்கு, நீங்கள் வழக்கமாக இடுவதை இடுங்கள், இனி மாற்றாதீர்கள் என்று பொறுமையாகச் சொன்னார். பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட நகல் கேட்டதும், தயங்காமல் தந்தார். கட்டாயம் கேட்டு வாங்குங்கள். தொலைந்துவிட்டது என்று பின்னால் யாரும் சொல்ல முடியாது. இந்தத் திருத்தத்துக்குத் தேர்தல் நாள் கழிந்தும் சில நாள் அவகாசம் உண்டு என்பதையும் அவரே சொன்னார். அதை முதல் கவுன்டரிலேயே ஒருவர் சொல்லியிருந்தால் எனக்குப் பாதிப் பதற்றம் குறைந்திருக்கும்.

தேர்தல் நாள் காலையில், நியூஜெர்சியில் பல கவுன்டிகளின் வாக்குச்சாவடிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல்கள் வந்ததாகச் செய்தி பரவியது. அவை நம்பத்தக்கவை அல்ல என்று பிறகு தெரிந்தாலும், சில இடங்களில் வாக்காளர்களை வேறு சாவடிக்குத் திருப்பி விட்டார்கள். எங்கள் தெருவில் வசிக்கும் ஒரு பெரியவரும் அவர் மனைவியும், நிரப்பி ஒட்டிய அஞ்சல் உறைகளைச் சாவடியில் கொடுக்கப் போய்த் திரும்பி வந்தார்கள். அஞ்சல் உறையைச் சாவடியில் வாங்கமாட்டார்கள். வாக்குப் பெட்டியிலோ, தேர்தல் வாரியத்திலோ, அன்று இரவு 8 மணிக்குள் அஞ்சல் முத்திரை விழும்படி தபாலிலோதான் சேர்க்க வேண்டும். பெரியவர் மனம் சோர்ந்து, விட்டுவிடலாம்மா என்றார். வேண்டாம் அங்கிள், நான் கூட்டிப்போகிறேன் என்று இருவரையும் காரில் ஏற்றி நகராட்சிக் கட்டடத்தின் முன்னால் இருந்த பெட்டிக்குக் கொண்டுபோய், அவர்களே தங்கள் கையால் போடச் செய்தேன். அன்று எனக்குக் கிடைத்த முதல் நிம்மதி அதுதான்.

நெருக்கமான போட்டி என்றே பல கருத்துக்கணிப்புகள் சொல்லியிருந்தன; ஷெரில் பெரிய வித்தியாசத்தில் வென்றார். 1961க்குப் பிறகு நியூஜெர்சியில் ஒரே கட்சி ஆளுநர் தேர்தலில் தொடர்ந்து மூன்றாவது முறை வென்றது இதுவே முதல் தடவை. நான் வாக்களித்தவர் வென்றாரா என்பதை இங்கே சொல்ல வேண்டிய தேவையில்லை. கண்காணிப்புப் பக்கத்தில் என் வாக்கு ஏற்கப்பட்டது என்ற சொல் வந்ததும் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

வாக்கு ஏற்கப்பட்டதால் பதிவேட்டில் உள்ள கையொப்பம் தானாக மாறிவிடாது. புதிய வாக்காளர் பதிவுப் படிவம் ஒன்றை நிரப்பி, கையொப்பத் திருத்தம் என்பதைக் குறித்து, காகிதத்தில் மை பேனாவால் கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும். தேர்தலுக்கு 21 நாட்களுக்கு முன்பு பதிவு முடிந்துவிடும் என்பதால் கடைசி நேரம்வரை வைத்திருக்காதீர்கள். என்னுடையதைத் தமிழிலேயே கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டேன். உரிமம் எடுக்கும் இடத்தில் இனி யாராவது உங்கள் கையொப்பத்தை அழித்து வேறு மாதிரி எழுதச் சொன்னால், இதுதான் என் கையொப்பம் என்று உறுதியாக நில்லுங்கள். அவர் மறுத்தால் மேற்பார்வையாளரைக் கேளுங்கள்.