எல்லாமே எல்விடி போட்டு வாங்கிக்கட்டிக்கொண்ட கதை

எங்களுடையது மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கடைமடை ஊர். எம்.இ. விஎல்எஸ்ஐ, அதாவது சிப் வடிவமைப்பு படிக்கும்போது லீக்கேஜ் (டிரான்சிஸ்டர் அணைந்திருக்கும்போதும் கசியும் மின்னோட்டம்) பாடத்தில் நான் சறுக்கியதைச் சொல்கிறேன். கேட் தேர்வுக்கோ சிப் கம்பெனி இன்டர்வியூவுக்கோ படிக்கிறவர்களுக்கு உதவலாம்.

லேப் பிராஜெக்ட்டில் டைமிங் வரவில்லை; சிக்னல் குறித்த நேரத்துக்குள் போய்ச் சேரவில்லை. செல்கள் (சிப்பைக் கட்டும் சின்னச் சின்ன கேட்டுகள்) எல்லாவற்றையும் எல்விடிக்கு, அதாவது திரெஷோல்டு வோல்டேஜ் (டிரான்சிஸ்டர் திறக்கத் தேவையான வோல்டேஜ்) குறைந்த, வேகமான வகைக்கு மாற்றினேன். டைமிங் வந்துவிட்டது. பெருமையாக ரிப்போர்ட்டை நீட்டினேன். மேடம் லீக்கேஜ் பவர் வரியில் விரலை வைத்தார், ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார்.

அன்று ராத்திரி கணக்கைக் கையால் போட்டேன். நீங்களும் ஒருமுறை போட்டுவிடுங்கள், ஜென்மத்துக்கும் மறக்காது. சப்ளை 1 வோல்ட். திரெஷோல்டு எல்விடிக்கு 0.3, அது அதிகமாக உள்ள எச்விடி வகைக்கு 0.4 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். சப்ளையிலிருந்து திரெஷோல்டைக் கழித்து, ஆல்ஃபா என்ற எண்ணின் அடுக்குக்கு உயர்த்தினால், தாமதம் அதற்கு எதிர்விகிதம். ஆல்ஃபா 1.3 என்றால், 0.7 வகுத்தல் 0.6, அதன் 1.3 அடுக்கு: 1.22. எச்விடி சுமார் 22 சதவீதம் மந்தம், அவ்வளவுதான். கசிவோ, சப்த்ரெஷோல்டு ஸ்விங் (கசிவு பத்து மடங்கு, அதாவது ஒரு டெகேடு, மாறத் தேவையான வோல்டேஜ்) டெகேடுக்கு 100 மில்லிவோல்ட் என்றால் பத்தில் ஒரு பங்காக இறங்கிவிடும்! கேள்வியில் ஸ்விங் கொடுத்திருந்தால் பத்தின் அடுக்கு, வெப்ப வோல்டேஜ் கொடுத்திருந்தால் ஈ (2.718) என்ற எண்ணின் அடுக்கு. மாதிரித் தேர்வில் இதை மாற்றிப் போட்டு இரண்டு மார்க் விட்டேன். கேட் தேர்வில் எண் விடைக் கேள்விக்கு நெகட்டிவ் மார்க் இல்லை என்பது ஆறுதல்.

அப்பாவிடம் சொன்னபோது சிரித்தார். "ஊர் வாய்க்கால் பூரா தூர்வார ஏதுடா காசு? கடைமடைக்குப் போறதை மட்டும் வெட்டிவிடு." அதேதான். கிரிட்டிக்கல் பாத்தில், அதாவது சிக்னல் அதிகம் தாமதமாகும் வழியில் மட்டும் எல்விடி, ஸ்லாக் (நேர அவகாசம்) மிச்சமிருக்கும் இடங்களிலெல்லாம் எச்விடி. வழக்கமாக இரண்டு வகை செல்லும் ஒரே அளவில் இருப்பதால் லேஅவுட் பெரிதாகக் கலையாது.

இங்கேயும் ஒரு தப்பு செய்தேன். ஒவ்வொரு பாத்தையும் தனியாகப் பார்த்து ஸ்லாக்கைத் தாராளமாகச் செலவழித்தேன். ஒரு நாண்ட் கேட் இரண்டு பாத்துக்கும் பொது, பொது வாய்க்கால் மாதிரி. அதை எச்விடி ஆக்கியதும் அடுத்த பாத் உடைந்தது. கொஞ்சம் மாற்றி, டைமிங்கை மறுபடி ஓட்டிப் பார்த்து, அப்புறம்தான் அடுத்தது.

இன்டர்வியூவில், "அப்படியானால் பத்து வகை திரெஷோல்டு வைக்கலாமே?" என்று மடக்குவார்கள். ஒவ்வொரு வகைக்கும் பொதுவாகக் கூடுதல் மாஸ்க் (சிப்பில் உருவம் பதிக்கும் அச்சு), இம்பிளான்ட் (அயனிகளைப் புகுத்தும் வேலை), செலவு. அது போதும்.

இரண்டாம் முறை ரிப்போர்ட்டைக் கொடுத்தேன். மேடம் முழுவதும் படித்துவிட்டு, "எந்த டெம்பரேச்சரில் ஓட்டினாய்?" என்றார். 25 டிகிரி என்றேன். "சூட்டில்தான் கசிவு ஏறும். 125-இல் ஓட்டிவிட்டு வா."