முதல் பார்சலிலேயே சரியான ஸ்பேர்: பழுது மேசை நாட்குறிப்பு

ஜூன் 3

பம்ப் மோட்டார் உறுமுகிறது, சுழலவில்லை. முதலில் பார்க்க வேண்டியது கண்டன்சர் (மின்தேக்கி). சப்ளையைத் துண்டித்து, 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரை இரு முனைக்கும் சில நொடிகள் பிடித்து சார்ஜை இறக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்க விடுவது பழைய பழக்கம். அதில் முனையும் கருகும், உள்ளே இருக்கும் மெல்லிய உலோகப் பூச்சும் கெடும். பிறகு ஒரு வயரைக் கழற்றிவிட்டு அளக்கலாம். மேலே 36 மைக்ரோஃபாரட், ±5 சதவீதம் என்று அச்சிட்டிருந்தால் 34.2 முதல் 37.8 வரை காட்ட வேண்டும். இது 22 காட்டுகிறது. வேறு சந்தேகம் தேவையில்லை.

கைவசம் 36 இல்லை. ஒதுக்குப்புறமான ஊரில் இதற்காக மோட்டாரை வாரக்கணக்கில் சும்மா போட்டு வைக்க வேண்டாம். பேரலலில் (அக்கம்பக்கமாக இணைத்து) போட்டால் மதிப்பு கூடும்: 25-உம் 10-உம் சேர்ந்தால் 35, 20-உம் 16-உம் சேர்ந்தால் 36. இரண்டுமே வரம்புக்குள் வருகின்றன. இரண்டும் 440 வோல்ட் ஏசி ரகமாக இருக்க வேண்டும். லைன் 230 தானே, 250 வோல்ட் ரகம் போதாதா என்று தோன்றும். போதாது. மோட்டார் ஓடும்போது துணை வைண்டிங் (கண்டன்சரோடு இணைந்த இரண்டாவது சுருள்) எழுப்பும் வோல்டேஜால் கண்டன்சரின் இரு முனைக்கும் இடையே லைனைவிட அதிகம் நிற்கும்.

பெட்டியில் இருக்கிற ஸ்டார்ட்டிங் கண்டன்சரை இந்த இடத்தில் போடவே கூடாது. அது எலக்ட்ரோலிட்டிக், சில நொடி வேலைக்குச் செய்தது. தொடர்ந்து சப்ளையில் நின்றால் சூடேறி வெடிக்கும். 36-க்கு 50 போட்டால் இழுவை கூடும் என்கிற நம்பிக்கையும் தப்பு, துணை வைண்டிங்தான் கருகும்.

ஆர்டரில் எழுத வேண்டியவை: மதிப்பு, வோல்டேஜ், டப்பாவின் விட்டமும் உயரமும் (கிளாம்ப்பில் உட்கார வேண்டுமே), முனை லக்கா (தகடு) வயரா. மேலே ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்து இருந்தால் அதையும் குறிப்பிட வேண்டும். அது ஆயுள் வகுப்பு: ஏ 30,000 மணி நேரம், பி 10,000, சி 3,000, டி 1,000. பார்சல் எளிதில் வராத இடத்துக்கு சி, டி வாங்குவது வீண்.

ஜூன் 5

வாஷிங் மெஷின் போர்டில் ரிலே (காயிலின் காந்தம் இழுத்து ஆன் ஆகும் ஸ்விட்ச்) டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்கிறது. பார்த்ததும் ரிலே ஆர்டர் போடத் தோன்றும். நிறுத்துங்கள். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத போர்டுகளில் லைனிலிருந்து கரண்டைக் குறைத்துக் கொடுப்பது ஒரு எக்ஸ்2 ரகக் கண்டன்சர். சதுரமான பிளாஸ்டிக் கட்டி, மேலே 0.47 மைக்ரோஃபாரட், 275 வோல்ட் ஏசி என்று இருக்கும். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் 0.47 விடும் கரண்ட் ஏறக்குறைய 34 மில்லியாம்பியர். வருடக்கணக்கில் லைனில் திடீரென எகிறும் வோல்டேஜைத் தாங்கித் தாங்கி உள்ளே உலோகப் பூச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். 0.2-க்கு இறங்கினால் கிடைப்பது 14 மில்லியாம்பியர்தான். 24 வோல்ட் ரிலே காயிலுக்கு 15 வேண்டும். ரிலே இழுக்கும், இழுத்தவுடன் வோல்டேஜ் படுக்கும், விடும், மறுபடி இழுக்கும். சத்தம் ரிலேயிலிருந்து வந்தாலும் குற்றவாளி அதுவல்ல. வெளியே உப்பல், விரிசல் எதுவும் தெரியாததால் கண்ணால் பார்த்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. ஒரு காலைக் கழற்றி அளக்கத்தான் வேண்டும்.

0.47 கிடைக்கவில்லையென்றால் இரண்டு 0.22 பேரலலில் போட்டால் 0.44, ஓடும். பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையின் நுழைவாயிலில் எக்ஸ்2 கண்டன்சர்கள் இருக்கும். அளந்து சரியாக இருந்தால் கழற்றிப் போடலாம். எக்ஸ்2 என்ற எழுத்தே இல்லாத 400 வோல்ட் டிசி ஃபிலிம் கண்டன்சர் வேண்டாம். பழுதானால் தீப்பிடிக்காத மாதிரி சோதிக்கப்பட்டது எக்ஸ்2. ஆர்டரில் இரு கால்களுக்கு இடையே உள்ள தூரத்தையும் எழுத வேண்டும். 10, 15, 22.5 மிமீ என்று வரும், தப்பாக வந்தால் போர்டில் நிற்காது.

இன்னொன்று. இந்த ரகப் போர்டில் லைனுக்கும் மற்ற பாகத்துக்கும் தடுப்பு எதுவும் இல்லை. 5 வோல்ட் பக்கம் என்று நம்பிக் கை வைத்தாலும் ஷாக் அடிக்கும்.

உண்மையிலேயே ரிலே போயிருந்து, எழுத்தும் கருகிவிட்டதென்றால் காயில் ரெசிஸ்டன்ஸே பதில் சொல்லும். சின்னச் சதுர ரிலேக்களில் (காயில் 0.36 வாட் ரகம்) சுமார் 70 ஓம் என்றால் 5 வோல்ட், 400 ஓம் என்றால் 12, 1,600 ஓம் என்றால் 24. காயில் ஓப்பனாக இருந்தால் அதே போர்டில் பக்கத்தில் உள்ள ரிலேயை அளக்கலாம். பெரும்பாலும் எல்லாம் ஒரே சப்ளையில் ஓடும்.

ஜூன் 6

கனெக்டர். 2.5 மிமீ இடைவெளியும் 2.54 மிமீ இடைவெளியும் கண்ணுக்கு ஒன்றுதான். இரண்டு பின்னுக்கு இடையே அளந்தால் வெர்னியரிலும் ஏமாறலாம். முதல் பின்னின் நடுவிலிருந்து கடைசிப் பின்னின் நடு வரை அளந்து, பின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து வகுக்க வேண்டும். 10 பின் என்றால் 22.5 மிமீ வந்தால் ஒரு ரகம், 22.86 வந்தால் இன்னொன்று. மூன்று நான்கு பின் வரை ஒன்றுக்குப் பதில் மற்றதைச் சொருகிவிடலாம், அதற்கு மேல் கடைசிப் பின் வளையும்.

ஜூன் 9

பேரிங் ஆர்டர். எண் தெரிந்தால் சிக்கலே இல்லை. துருவில் அழிந்துபோனால் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றும் போதும். 6201 என்றால் 12×32×10, 6202 என்றால் 15×35×11, 6203 என்றால் 17×40×12, 6204 என்றால் 20×47×14, 6205 என்றால் 25×52×15 மிமீ. கடைசி இரண்டு இலக்கம் 04-லிருந்து மேலே போனால் ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம். வெளிவிட்டம் 40, ஆனால் உள்விட்டம் 17-க்குப் பதில் 15.88 என்று வந்தால் அளவு தப்பவில்லை, அது 5/8 இஞ்ச் துளை வைத்த 6203. அப்படியே எழுதிக் கேட்க வேண்டும், வெறும் 6203 என்றால் 17 தான் வரும்.

பின்னொட்டை விட்டுவிடுகிறார்கள், தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது. இசட்இசட் என்றால் தகர மூடி, 2ஆர்எஸ் என்றால் ரப்பர் சீல். தண்ணீர் தெறிக்கும் பம்புக்குத் தகர மூடி போட்டால் சீக்கிரமே துரு. சி3 என்றால் உள்ளே கூடுதல் இடைவெளி, சூடாகும் மோட்டாருக்கானது. பழையதில் சி3 இருந்து புதியதில் இல்லையென்றால் சூடேறியதும் இறுகும்.

ஆர்டர் போடும் முன் பேரிங் உட்காரும் குழியை விரலால் தடவிப் பாருங்கள். பளபளவென்று வளையமாகத் தேய்ந்திருந்தால் வெளி வளையமே குழிக்குள் சுழன்றிருக்கிறது. புதுப் பேரிங் போட்டாலும் அதே கதி. கவரைச் சேர்த்து மாற்ற வேண்டும், அல்லது லேத்தில் புஷ் (உள்ளே இறக்கும் வளையம்) போட வேண்டும்.

ஜூன் 14

ஃபேன் ரெகுலேட்டர், மிக்சி, ஹீட்டர் கன்ட்ரோல் எல்லாவற்றிலும் டிரையாக் (ஏசி கரண்டைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் ஸ்விட்ச்). பிடிஏ16 போயிற்று, கையில் பிடிபி16 இருக்கிறது, இரண்டும் 16 ஆம்பியர் 600 வோல்ட், மாற்றலாமா? மின்சாரக் கணக்கில் ஓடும். ஆனால் பிடிஏ-வின் முதுகு உள்ளேயே இன்சுலேட் ஆனது, பிடிபி-யின் முதுகில் லைவ் நிற்கும். ஹீட்சிங்க் (சூட்டை இழுக்கும் உலோகத் தகடு) சேஸிஸைத் தொட்டுக்கொண்டிருந்தால் பாடியே ஷாக் அடிக்கும். மைக்கா துண்டும் பிளாஸ்டிக் புஷ்ஷும் போட்டு, ஹீட்சிங்க்குக்கும் முதுகுக்கும் இடையே மெகரில் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) பார்த்த பிறகுதான் மூட வேண்டும். அவை இல்லையென்றால் சரியான டிரையாக் வரும் வரை காத்திருப்பதே நல்லது.

பிடி136-இல் இன்னொரு கண்ணி. கடைசி எழுத்து இல்லாத 600 ரகத்துக்கு கேட் கரண்ட் 35 மில்லியாம்பியர் வரை தேவைப்படலாம், 600இ ரகத்துக்குப் பொதுவாக 10 போதும். மைக்ரோகன்ட்ரோலர் நேரடியாக ஓட்டும் போர்டில் எழுத்தில்லாததைப் போட்டால் ஒன்று ஆன் ஆகாது, இல்லை ஏசி அலையின் ஒரு பக்கம் மட்டும் ஆன் ஆகி மோட்டார் நடுங்கும். சாமான் பழுது என்று திருப்பி அனுப்பப்படுகிற பல டிரையாக்குகள் நல்லவையே.

ஜூன் 15

ரைஸ் குக்கர், தெர்மல் ஃபியூஸ் (அளவுக்கு மேல் சூடானால் அறும் ஃபியூஸ்) ஓப்பன். கம்பி போட்டு ஓட்டக் கூடாது, ஒரு நாளைக்குக்கூட. எழுதியிருக்கும் டிகிரியும் ஆம்பியரும் அப்படியே வேண்டும். டிகிரி குறைந்தால் சும்மா சும்மா அறும், கூடினால் பாதுகாப்பு போகும். சால்டர் செய்தால் அந்தச் சூட்டிலேயே ஃபியூஸ் அறுந்துவிடும். கிரிம்ப் ஸ்லீவ் போட்டு நசுக்க வேண்டும், அதனால் ஃபியூஸோடு ஸ்லீவையும் சேர்த்து ஆர்டர் போடுங்கள். ஒரே எண்ணில் குறைந்தது மூன்று. ஏன் அறுந்தது என்று தெரிய, தெர்மோஸ்டாட் கான்டாக்ட் ஒட்டியிருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

ஜூன் 20

லைனின் கடைசி முனையில் இருக்கும் வீடுகளிலும் ஜெனரேட்டர் ஓடும் இடங்களிலும் போர்டில் வெடிப்பது வேரிஸ்டர் (எகிறும் வோல்டேஜைத் தான் வாங்கிப் போர்டைக் காக்கும் பாகம்). நீல வட்டு, 10டி471 மாதிரி எழுத்து. முன்னால் உள்ள 10 வட்டின் விட்டம் மிமீ-இல். 471 என்றால் 47-க்குப் பின் ஒரு சுழி, அதாவது 1 மில்லியாம்பியர் ஓடும்போது 470 வோல்ட். தொடர்ந்து தாங்குவது 300 வோல்ட் ஏசி. 431 தாங்குவது 275, 511 தாங்குவது 320. வோல்டேஜ் ஏறி இறங்கும் இடத்தில் 431 அடிக்கடி வெடிக்கிறதென்றால் 471-க்குப் போகலாம். இடமிருந்தால் 10-க்குப் பதில் 14 வட்டு. கழற்றிவிட்டால் போர்டு ஓடத்தான் செய்யும், அடுத்த இடிக்கு மொத்தப் போர்டும் போகும்.

கூடவே அறுந்த ஃபியூஸ் கண்ணாடியா பீங்கானா என்று பார்த்து அதையே வாங்க வேண்டும். 5×20 மிமீ-இல் குறைந்த திறன் கண்ணாடி ஃபியூஸ் துண்டிக்க உத்தரவாதம் தருவது 35 ஆம்பியர் அல்லது தன் ரேட்டிங்கின் பத்து மடங்கு, எது பெரிதோ அது. உயர்திறன் பீங்கான் ஃபியூஸ் 1,500 ஆம்பியர். முனைத் தொப்பியில் உள்ள டி எழுத்து மெதுவாக அறுவது, எஃப் சட்டென்று அறுவது.

ஜூன் 22

டிரில், கிரைண்டரின் கார்பன் பிரஷ். அதே அளவு கிடைக்காவிட்டால் ஒரு சுற்றுப் பெரியதை வாங்கித் தட்டையான கண்ணாடி மேல் சேண்ட் பேப்பரை விரித்துத் தேய்த்துக் குறைக்கலாம். ஹோல்டருக்குள் தானாகச் சறுக்கி இறங்க வேண்டும், ஆனால் பக்கவாட்டில் ஆடக் கூடாது. சின்னதை வாங்கித் தகடு வைத்து அடைப்பது வேலைக்கு ஆகாது, ஆடி ஆடிக் கம்யூட்டேட்டரை (பிரஷ் உரசும் செம்பு உருளை) தின்னும். மாற்றினால் இரண்டையும் மாற்ற வேண்டும்.

ஜூன் 27

பார்சல் பற்றி. தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயான் செல்லைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரல் 1 முதல் தடை. சரக்கு விமானத்தில் ஏற்றவும் சார்ஜ் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஸ்ப்ரே டப்பாவில் வரும் கான்டாக்ட் கிளீனரும் தீப்பற்றும் சரக்கு. பேட்டரி, ஸ்ப்ரே, பேரிங், ரிலே எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கேட்டால் அந்த ஒரு டப்பாவுக்காக மொத்தமும் நிற்கும். ஆகவே இரண்டு ஆர்டர். ஸ்ப்ரேயும் பேட்டரியும் தரை வழியில் தனியாக, மற்றது விமானத்தில்.

படம் அனுப்பும்போது நேம் பிளேட் முழுதாகத் தெரிய ஒன்று, பாகத்தோடு ஸ்கேல் வைத்து ஒன்று, போர்டின் ஓரத்தில் அச்சிட்ட எண்ணும் வெர்ஷனும் தெரிய ஒன்று. மாடல் பெயர் ஒன்றாக இருந்தும் வெர்ஷன் மாறினால் கனெக்டர் இடம் மாறியிருக்கும்.

விற்பவர் இல்லாத சாமானுக்குத் தானாகவே ஏதாவது மாற்று வைத்து அனுப்பிவிடுவதுண்டு, அதனால் ஆர்டரிலேயே மாற்றும் எல்லையும் எழுதிவிடுகிறோம்: "பிடிஏ16 இல்லையென்றால் பிடிஏ24 அனுப்பலாம். பிடிபி எதுவும் வேண்டாம். இரண்டும் இல்லையென்றால் அந்த வரியை அடித்துவிட்டு மற்றதை அனுப்பவும்."